கடைக்குத் தூக்கிச் செல்லுமுன்

தாராவியிலும் செம்பூரிலும் சயான் கோலிவாடாவிலும் பத்துக்குப் பத்து அறையில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில்கூட இன்று ஒரு கம்ப்யூட்டர் இடம் பிடித்துவிட்டது. பெரும்பாலும் ஏதோ ஒரு ஆபீசில் கழித்துவிட்ட பழைய பெட்டி. பிள்ளையின் படிப்புக்காக வயிற்றைக் கட்டி வாங்கியது. ஒரு நாள் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருண்டு கிடக்கிறது. உடனே என்ன செய்கிறோம்? அரை நாள் லீவு போட்டு, பெட்டியைத் துணியில் சுற்றி, கிராண்ட் ரோடில் இறங்கி லாமிங்டன் ரோடுக்குச் சுமந்து செல்கிறோம். கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு "மதர்போர்டு கயா" என்றால் தலையாட்டிவிட்டு வருகிறோம்.

அந்தத் தெருவில் இருப்பவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. நாணயமானவர்கள் நிறைய உண்டு. ஆனால் கேள்வி கேட்கத் தெரியாதவனிடம் விலை கூடுவது காய்கறிக் கடையிலும் நடப்பதுதானே! மதர்போர்டு பழுதாவது உண்டு. முதல் சந்தேகம் அதன்மேல் விழ வேண்டியதில்லை என்பதே நம் கட்சி.

திரையில் ஓர் எழுத்தாவது வருகிறதா? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் திரைக்குப் போகும் கேபிளை இரு முனையிலும் கழற்றி அழுத்திச் செருகுங்கள். அடுத்தது ராம் எனப்படும் நினைவகப் பட்டை. நான்கு மாத மழையும் கடல்காற்றும் சேர்ந்த இந்த ஊரில் அதன் பொன்னிற விளிம்பில் மங்கல் படிவதற்குக் கேட்பானேன்! பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். மூடியைத் திறந்து, பெட்டியின் இரும்பு உடலை ஒரு முறை தொட்டுக்கொண்டு, கொக்கியை விலக்கிப் பட்டையை எடுங்கள். பிள்ளையின் பென்சில் ரப்பரால் அந்த விளிம்பை மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, 'டக்' என்று கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு பட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். செத்துப்போனதாகக் கருதிய எத்தனையோ பெட்டிகள் இந்த வைத்தியத்தில் எழுந்திருக்கின்றன.

விசிறி சுற்றுவதால் பவர் சப்ளை சரி என்று முடிவு கட்டவும் கூடாது. அது 12, 5, 3.3 வோல்ட் எனத் தனித்தனியே மின்சாரம் தருகிறது. விசிறி சுற்ற 12 போதும். மற்றது தடுமாறினாலும் அது சுற்றிக்கொண்டிருக்கும். அந்தத் தகரப் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

எழுத்து வருகிறது, ஆனால் 'பூட் டிவைஸ் இல்லை' என்கிறது என்றால் கதை வேறு. பின்பக்கம் மறந்துபோய்ச் செருகி வைத்த பென் டிரைவ் இருக்கிறதா பாருங்கள். தேதி தினமும் பழைய வருடத்துக்கே போகிறதென்றால் உள்ளிருக்கும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அது தீர்ந்தால் சில பெட்டிகளில் எந்த டிஸ்கிலிருந்து எழ வேண்டும் என்ற குறிப்பும் அழிந்துபோகும். பேட்டரியை மாற்றியபின் அதைச் சரிசெய்ய வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததைக் காட்டி, "அதனால்தான் எழவில்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆதரவு போனதால் பெட்டி படுத்துவிடாது.

எழாத பெட்டியெல்லாம் உடைந்த பெட்டி அல்ல என்பதற்கு 2024 ஜூலை 19 சாட்சி. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான கோப்பால் உலகமெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். யாரும் மதர்போர்டு மாற்றவில்லை. 'சேஃப் மோட்' வழியாக நுழைந்து, அந்த ஒரு கோப்பை அழித்ததும் எழுந்துவிட்டன.

பெட்டி போனால் இன்னொன்று வாங்கலாம். உள்ளே இருப்பது என்ன? பிள்ளையின் பிராஜெக்ட், சாதிச் சான்றிதழ் நகல், ஊரில் காலமான அப்பாவின் படம். பல கடைகளில் முதல் வைத்தியமே 'ஃபார்மட்'. "பஹலே டேட்டா" என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்து நகல் எடுப்பது பெரிய வித்தையல்ல. ஆனால் டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்டினால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் மிச்சத்தைத் தின்றுவிடும். புதிய விண்டோஸ் பெட்டிகள் பலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். மதர்போர்டை மாற்றினால் 48 இலக்கச் சாவி கேட்கும். பெட்டி நன்றாக ஓடும்போதே அதைத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கடைக்குத்தான் போக வேண்டுமென்றால் தாராளமாகப் போங்கள். எந்தப் பாகம் பழுது, என்ன விலை, எத்தனை மாத உத்தரவாதம் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழுதுபார்க்கும் கூலிக்கும் பொருந்தும். கடைக்காரர் முகம் சுளித்தால், புகார் சொல்ல எண் 1915.