கவனக்குறைவு யாருடையது?



"சாரதியின் கவனக்குறைவு." விசாரணை முடிந்து தோட்ட நிர்வாகம் எழுதித் தந்த தாளில் காரணம் என்ற இடத்தில் இருந்தது இந்த இரண்டு சொற்கள் மட்டும்தான். கீழே ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை.

கடந்த தென்மேல் பருவமழையில் மேல் டிவிஷனிலிருந்து டர்பன்டைன் கட்டைகளை ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்கு இறங்கிய ட்ரெக்டர், வளைவில் இடதுபக்கம் இழுத்துப் பாதையை விட்டுப் போனது. பெட்டியில் நின்ற உதவியாள் தம்பி குதித்துத் தப்பினான். சாரதி அண்ணனின் இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. இருபது வருடத்துக்கு மேல் அதே பாதையில், அதே ட்ரெக்டரை ஓட்டியவர். அந்த வளைவைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். அவருக்குத்தான் கவனம் குறைந்துவிட்டதாம்.

விசாரணை முடிந்து ஒரு வாரம் கழித்து, உடைந்த ட்ரெக்டரைப் பழுதுபார்க்க நிர்வாகம் ஒரு மாமாவைக் கூப்பிட்டது. எங்கள் ஸ்டோரில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். அவர் போன பிறகு அந்த வேலைக்கு வேறு ஆள் எடுக்கவில்லை. ஆபத்து வந்தால் மட்டும் லயத்துக்கு ஆள் அனுப்புவார்கள். தலைவரும் நானும் போய்ப் பக்கத்தில் நின்றோம். "டீச்சருக்கு பிரேக்கைப் பத்தி என்னா தெரியும்?" என்று ஓர் உத்தியோகத்தர் சிரித்தார். தெரியாதுதான். தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

மாமா வலதுபக்கச் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மை இழுத்தெடுத்தார். "டீச்சர், கைய வச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். விரல் நுனியெல்லாம் கறுப்பு ஒயில். உராய்ந்து பிடிக்க வேண்டிய லைனிங், விளக்குத் திரி மாதிரி ஒயிலில் ஊறியிருந்தது. இடதுபக்கத்தைக் கழற்றினார். அது காய்ந்து, சுத்தமாக இருந்தது.

அவர் விளக்கியதை இங்கே அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதை ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தெரிந்திருக்க வேண்டும். இந்த வகை ட்ரெக்டரில் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிரேக் உண்டு. வயலில் திரும்பும்போது ஒரு பக்கம் மட்டும் மிதிப்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பாதையில் ஓடும்போது இரண்டு மிதிகளையும் கொக்கியால் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். அச்சுக்குள் இருக்கும் ஒயில் டிரம்முக்குள் வராமல் தடுப்பது ஒரு சீல். வயதானால் அந்த சீல் தேயும், ஒயில் கசியும். ஒரு பக்கம் கசிந்தால் மறுபக்கம் மட்டும் பிடிக்கும். இரண்டு மிதியையும் ஒழுங்காகச் சேர்த்து மிதித்தாலும் வண்டி நல்ல பிரேக் இருக்கும் பக்கமே இழுக்கும். மழை, இறக்கம், பின்னால் கட்டை பாரம். அண்ணன் கவனமாக பிரேக் மிதித்ததால்தான் வண்டி இடதுபக்கம் போனது! இதற்குக் கவனக்குறைவு என்று பெயர் வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று அண்ணன் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தடவை காலைப் பிரட்டில், எல்லோருக்கும் கேட்க. விசாரணையில் அதைச் சொன்னபோது, "எங்களுக்கு அப்படி ஒன்றும் அறிவிக்கப்படவில்லை" என்று பதில் வந்தது. நாங்கள் கையை விரித்தோம். காட்டுவதற்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. வாயால் சொன்னதெல்லாம் மலைக்காற்றோடு போயிருந்தது. அன்று நாங்கள் தோற்றது நியாயம் இல்லாததால் அல்ல, கொப்பி இல்லாததால்.

அடுத்து இன்னொரு கதையைத் தொடங்கினார்கள். "பழைய மெஷின், நாங்கள் என்ன செய்வது?" இதில் வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஆட்களும் இதே பாட்டைத்தான் பாடுகிறோம். "பழசு, தூக்கி வீசு, புதுசு கொண்டுவா" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். புதுசு வராது என்று அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். புதுசு வரும்வரை பழசின் பிரேக்கை யார் பார்ப்பது என்ற கேள்வி நடுவில் காணாமல் போகிறது. பழைய மெஷின் என்பது அவர்களுக்கு ஒரு மறைவிடம். அந்த மறைவிடத்தை நாமே கட்டிக் கொடுக்கிறோம்.

நம் மலைகளில் ஓடும் மெஸி பேர்குசன் 135 இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் 1964 முதல் 1975 வரை செய்யப்பட்டது. எங்கள் தோட்டத்தில் இருப்பதும் அந்தக் காலத்து வண்டிதான். 1975இல் அரசாங்கம் கம்பனித் தோட்டங்களை எடுத்தபோதும் ஓடியது, 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளின் கைக்குப் போனபோதும் ஓடியது. முதலாளிகள் மாறினார்கள், கிரீஸ் அடித்த கைகள் மட்டும் நம்முடையவையாகவே இருந்தன. அந்தக் குடும்பத்து ட்ரெக்டர்களை சென்னையிலும் பாகிஸ்தானிலும் பல பத்தாண்டுகளாகச் செய்து வருகிறார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்காத சாமான் குறைவு. எனவே சாமான் கிடைக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒரு லோடு மரத்தின் விலைக்கு முன்னால் ஒரு சீலின் விலை பேசக்கூடிய காசே இல்லை.

பழைய மெஷினைப் பற்றி உலகம் என்ன செய்கிறது என்று பாருங்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் காட்டில் வெட்டிய மரத்தை இழுக்க ஸ்கிடர் என்று ஒரு வண்டி உண்டு. இடுப்பில் மடியும் உடம்பு, நான்கு பெரிய டயர், பின்னால் கம்பிக்கயிறு சுற்றும் வின்ச். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்த டிம்பர்ஜாக், 1965இல் வந்த ஜோன் டியர் 440 எல்லாம் நம் ட்ரெக்டரின் வயதுதான். அவற்றை இன்றும் அங்கே சிலர் பிரித்துப் பூட்டி வேலைக்கு விடுகிறார்கள். இடுப்பு மூட்டில் தேய்ந்த பின்னையும் புஷ்ஷையும் மாற்றுகிறார்கள். வின்ச்சின் பிரேக் பட்டியை மாற்றுகிறார்கள். வெடிப்பு விழுந்த ஹைட்ரோலிக் குழாய்களைக் கழற்றி எறிகிறார்கள். வண்டியின் வயிற்றுத் தகட்டுக்குள் சேரும் பட்டை, இலை, ஒயில் எல்லாவற்றையும் கழுவி எடுக்கிறார்கள், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். ஐம்பது வயது வண்டி உயிரோடு இருப்பது இப்படித்தான். அங்கே மரம் இழுக்கும் வேலை ஆபத்தில்லாதது என்று நான் சொல்லவில்லை, அங்கேயும் ஆட்கள் சாகிறார்கள். ஆனால் வயது ஒரு குற்றமல்ல, பராமரிக்காததுதான் குற்றம் என்பதற்கு அந்த வண்டிகள் சாட்சி.

நம் மலையில் ஸ்கிடர் இல்லை. வயலுக்குச் செய்த ட்ரெக்டரையே மரம் இழுக்கவும் விடுகிறார்கள். அதனால் இங்கே ஆபத்து இன்னும் அதிகம். சங்கிலியை எங்கே கொழுவுவது என்பது உயிர் பிரச்சினை. வண்டிக்கு அடியில், பின் அச்சுக்குக் கீழே இருக்கும் இழுவைக் கம்பியில்தான் கொழுவ வேண்டும். கட்டையின் நுனி கொஞ்சம் தூக்கினால் இலேசாக இழுபடும் என்று அச்சுக்கு மேலே கொழுவுகிறார்கள். எங்கள் மலையிலேயே பார்த்திருக்கிறேன். கட்டை ஒரு வேரில் மாட்டிக்கொண்டால் சக்கரம் சுழலாது, வண்டியே அச்சைச் சுற்றிப் பின்னால் எழும்பும். முன்சக்கரம் தரையை விட்டு எழும்பி முக்கால் செக்கனில் வண்டி திரும்பி வரமுடியாத நிலைக்குப் போய்விடும். கிளச்சை மிதிக்கக் கால் நினைப்பதற்குள் சாரதி வண்டிக்குக் கீழே. இதற்குத்தான் சாரதியின் தலைக்கு மேல் இரும்புச் சட்டம். சுவீடனில் 1959 முதல் புதிய ட்ரெக்டர்களுக்கு அது கட்டாயம். நம் மலையில் ஓடும் பழைய வண்டிகளில் எத்தனைக்கு இருக்கிறது? நீங்களே போய் எண்ணிப் பாருங்கள். (டவுனில் வெல்டிங் கடையில் குழாயை வளைத்து மேலே தகரம் போட்டுத் தருவது வெயிலுக்குக் குடை. கவிழ்ந்தால் அதுவும் சேர்ந்து நசுக்கும். சோதித்துப் பார்த்த சட்டமும், கூடவே சீட் பெல்ட்டும் வேண்டும்.)

கம்பிக்கயிறும் அப்படித்தான். நூல் அறுந்து முள் முள்ளாக நிற்கும் கயிற்றை முடிச்சுப் போட்டு ஓட்டுகிறார்கள். இறுகிய கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி வரும். அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் நம் பிள்ளைகள் விறகு பொறுக்குகிறார்கள்.

இதையெல்லாம் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும்? காலையில் அரை மணித்தியாலம் போதும் என்கிறார் மாமா. ஒயில், தண்ணீர், கிரீஸ், இரண்டு பிரேக்கையும் சேர்த்து மிதித்து ஒரு பத்து அடி ஓட்டிப் பார்த்தல், கயிறு, சங்கிலி, பெட்டியின் பின். ஆனால் அந்த அரை மணித்தியாலத்துக்குப் பேர் இல்லை. கொழுந்து ஏற்றினால் பேர், விறகு ஏற்றினால் பேர், கிரீஸ் அடித்தால் "இன்னும் வண்டிய எடுக்கலியா?" என்று சத்தம். சம்பளம் இல்லாத வேலையை ஒருவன் எத்தனை நாள் செய்வான்? பராமரிப்பு நேரத்துக்குச் சம்பளத்தை வெட்டிவிட்டு, பராமரிப்பு இல்லாததால் நடந்த விபத்துக்கு அவனையே குற்றவாளியாக்குகிறார்கள்.

இந்த விறகு இல்லாவிட்டால் ஸ்டோரில் தேயிலை வாடாது, காயாது. கட்டையோ பலகைக்கு விலை போகிறது. விற்பனையின் கணக்கு காரியாலயத்தில் சதம் தவறாமல் இருக்கிறது. அதை மலையிலிருந்து இறக்கிய வண்டியின் கணக்குத்தான் எங்கேயும் இல்லை.

சில தோட்டங்களில் "மரம் வெட்டுவது கொந்தராத்துக்காரர், அவரிடம் கேளுங்கள்" என்கிறார்கள். ஏமாறாதீர்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், நடுவில் ஒரு கொந்தராத்துக்காரரை நிறுத்திவிட்டால் தோட்டம் தப்பிவிடலாம் என்று விட்டுவைக்கவில்லை. விபத்து நடந்தால் முதல் நாளே கிளைக்கு அறிவியுங்கள். ஆனால் நட்டஈடு கால் போன பிறகு வருவது. கால் போகாமல் காக்க வேண்டிய 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமோ ஸ்டோருக்குள் ரோலருக்கு மூடி இருக்கிறதா என்று பார்க்கும், ஸ்டோர் வாசலைத் தாண்டி மலைப்பாதையில் இறங்கும் ட்ரெக்டரை எட்டிப் பார்ப்பதில்லை. ஸ்டோருக்கு உள்ளே நசுங்கினால் ஒரு கால், வெளியே நசுங்கினால் வேறு காலா?

சங்கத்தைப் பற்றியும் பேச வேண்டும். 2021இல் 1,000 ரூபாய்க்காகப் போராடினோம். 2024இல் 1,350 வந்தது. அது தேவையான போராட்டம், இன்னும் முடியவில்லை. ஆனால் அந்த வருடங்களில் நடந்த நம் கிளைக் கூட்டங்களின் குறிப்புகளைப் புரட்டினேன். பிரேக் என்ற சொல் ஒரு தடவையும் இல்லை. நானும் அந்தக் கூட்டங்களில் இருந்தவள்தான். தாய்மார்களே, மழை வந்தால் மரம் ஏற்றிய பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து வருகிறோம், இழுவைக் கம்பியில் நின்றுகொண்டும் வருகிறோம். "கொஞ்சத் தூரந்தானே டீச்சர்" என்று எனக்கே இடம் தந்திருக்கிறீர்கள், நானும் ஏறியிருக்கிறேன். இனி ஏறமாட்டேன்.

அண்ணனின் மகன் என் வகுப்புப் பிள்ளை. இந்த வருடம் சாதாரண தரம் எழுத வேண்டியவன். அப்பா வைத்தியசாலைக்கும் வீட்டுக்குமாக அலைந்த மாதத்தில் வரவு இடாப்பில் அவன் பெயருக்கு நேரே பதினோரு நாள் வெற்றிடம். வீட்டுக்குப் போனேன். கொழும்பில் ஒரு கடைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று அம்மா சொன்னார். பரீட்சை முடியும்வரை என்று கெஞ்சி நிறுத்தி வைத்திருக்கிறேன். எவ்வளவு நாளைக்கு என்று தெரியாது.

நாம் நிர்வாகத்திடம் கேட்பது புதிய ட்ரெக்டர் அல்ல. காலை அரை மணித்தியாலப் பராமரிப்பு, பேரோடு. பிரேக்கில் குறை என்று சாரதி எழுதினால், சரிசெய்யும்வரை வண்டி ஓடாது, அன்றைய பேரும் வெட்டப்படாது. மரம் இழுக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் தலைக்குமேல் சட்டம். ஓய்வுபெற்ற பிட்டரின் இடத்துக்கு ஒரு ஆள், அவர் கையால் பழகிக்கொள்ள நம் பிள்ளைகளில் இரண்டு பேர். அந்த மாமா கண்ணை மூடினால் இந்த அறிவும் லயத்தோடு போய்விடும்.

இதற்கு நிர்வாகம் சம்மதிக்கும்வரை நாம் காத்திருக்கப் போவதில்லை. எங்கள் டிவிஷனில் போன மாதம் ஒரு சீ.ஆர். கொப்பி தொடங்கினோம். இடையில் கார்பன் தாள். திகதி, வண்டி இலக்கம், என்ன குறை, யாரிடம் கொடுத்தது, எத்தனை மணிக்கு. மேல் தாள் காரியாலயத்துக்கு, கீழ்த் தாள் சாரதியின் வீட்டுக்கு. எழுதத் தயங்கும் சாரதிகளுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கிறார்கள். முதல் வாரம் காரியாலயத்தில் தாளை வாங்க மறுத்தார்கள். தலைவர் இரண்டு சாட்சிகளோடு போய் மேசைமேல் வைத்து, "வாங்க மறுத்தார்" என்று அதையும் கொப்பியில் எழுதிவிட்டு வந்தார். இரண்டாவது வாரம் வாங்கினார்கள். மூன்றாவது வாரம் ஒரு பெட்டியின் தேய்ந்த பின் மாற்றப்பட்டது.

அடுத்த மாதக் கிளைக் கூட்டத்துக்கு வரும் ஒவ்வொரு தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும், தங்கள் தோட்டத்தில் மரமும் விறகும் ஏற்றும் வண்டிகள் எத்தனை, எந்த வண்டிக்கு என்ன குறை என்று சாரதிகளைக் கேட்டு எழுதி வரவும். கொப்பிகளும் கார்பன் தாளும் கிளைக் காரியாலயத்தில் உள்ளன. எப்படி நிரப்புவது என்று தெரியாதவர்கள் சனிக்கிழமை பின்னேரம் வந்தால் நான் காட்டித் தருகிறேன்.