எங்கே அறுந்தது?

தெள்ளாரில் பட்டுத்தறி ஒன்றில் பாவு இழை அறுகிறது. உடனே நூல் மட்டம் என்று பழிக்கலாமா? கண்ட கண்ட இடங்களில் அறுந்தால் நூலில் குறை இருக்கலாம். பண்ணையின் ஒரே பல்லருகே மீண்டும் மீண்டும் அறுந்தால், அந்தப் பல்லின் பிசிரையே முதலில் ஐயுற வேண்டும்.

மின் கித்தாரிலும் இதே கதைதான். கம்பியின் இரு முனைகளையும் பூட்டும் அமைப்புக்கு அமெரிக்கரான பிளாய்ட் ரோஸ் 1979-இல் காப்புரிமை பெற்றார். அதன் நெம்புகோலை அசைக்கும்போதெல்லாம் கம்பி, குதிரையின் விளிம்பில் வளைந்து நிமிர்கிறது. விளிம்பு கூராக இருந்தால் தகைவு அங்கேயே குவியும். உலோகம் சோர்ந்து அறும். புதுக் கம்பிக்கும் அதே கதிதான். விளிம்பை மழமழப்பாக்குவதே முறை.

அறுந்த இழையைப் பிணைக்கும் நேரம் நெசவாளியின் கூலியைத் தின்கிறது. ஆகவே, பழி சொல்லுமுன் ‘எங்கே அறுந்தது?’ என்று பாருங்கள். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.