கட்டணமில்லாக் கல்விக்கும் கணக்கு உண்டு



“ஜெர்மனியில் படிப்பு இலவசமாம், சாமி” என்று மகிழ்ச்சியோடு சொல்லும் குடும்பங்கள் இந்நாளில் ஊர்தோறும் பெருகி வருகின்றன. மகன் பொறியியலில் பட்டம் பெற்றிருக்கிறான். அல்லது மகள் வேதியியலில் முதல் வகுப்பில் தேறியிருக்கிறாள். மேற்படிப்புக்குக் கடல் கடந்து செல்ல வேண்டும் என்ற ஆவல் பிள்ளைக்கு. அதைத் தடுத்த பழி நமக்கு வேண்டாம் என்ற எண்ணம் பெற்றோருக்கு. அந்த ஆவலும் இந்த அன்பும் போற்றத்தக்கவையே. ஆயினும் ‘இலவசம்’ என்னும் ஒரு சொல்லைக் கேட்டவுடன் வீட்டுப் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுப்பது அறிவுடைமை ஆகாது. எது இலவசம், எது இலவசமன்று, எஞ்சியதை யார், எத்தனை ஆண்டுகள் சுமப்பது என்னும் கணக்கை இம்மாதம் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் உள்ள நன்மையைச் சொல்லிவிடுவோம். ஜெர்மனி 16 மாநிலங்களைக் கொண்ட கூட்டாட்சி நாடு. உயர்கல்வி பெரிதும் மாநிலங்களின் பொறுப்பில் உள்ளது. 2005-ஆம் ஆண்டில் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், சில மாநிலங்கள் மாணவரிடம் கட்டணம் வாங்கத் தொடங்கின. பின்னர் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டன. 2014-ஆம் ஆண்டோடு அப்பொதுக் கட்டணம் எங்கும் நீங்கிற்று. ஆகவே அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்கும் அதைத் தொடரும் முதுநிலைப் படிப்புக்கும் பெரும்பாலும் பயிற்சிக் கட்டணம் இல்லை. நம் நாட்டு மாணவருக்கும் இச்சலுகை உண்டு.

ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் மாணவரிடம் பருவம் ஒன்றுக்கு 1,500 யூரோ வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. புகழ்பெற்ற மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து, படிப்புக்கேற்பப் பருவத்துக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை கட்டணம் விதித்தது. தனியார் பல்கலைக்கழகங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அங்கே ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேலும் கேட்பதுண்டு. ஜெர்மனி என்று நாட்டின் பெயரை உரக்கச் சொல்லி, பல்கலைக்கழகத்தின் பெயரை மெல்லச் சொல்லும் ஏஜெண்டிடம் விழிப்போடு இருங்கள். அது அரசுப் பல்கலைக்கழகமா, தனியாருடையதா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவுடனேயே பிள்ளையை அனுப்ப எண்ணுவோருக்கும் ஒரு சொல். நம் பள்ளி இறுதிச் சான்றிதழ் மட்டும் கொண்டு அங்கே இளநிலைப் படிப்பில் நேரே சேருவது பொதுவாக இயலாது. இங்கே ஒரு கல்லூரியில் ஓராண்டேனும் தேறியிருக்க வேண்டும். அல்லது அங்கே ஓராண்டு ஆயத்தப் படிப்புப் படித்துத் தேர்வில் வெற்றி பெற வேண்டும். இதனால்தான் நம்மவரில் மிகப் பலர் இங்கே பட்டம் பெற்றபின் முதுநிலைக்குச் செல்கின்றனர். அதுவே செலவிலும் சிக்கனம்.

இனி, இலவசமல்லாதது யாது? உண்பதும் உறங்குவதும் நோயுற்றால் மருந்துண்பதும் ஆகும். ஓராண்டு வாழ்வதற்குரிய பணம் தன்னிடம் உண்டென்று மெய்ப்பித்தால்தான் மாணவருக்கு விசா கிடைக்கும். இதற்காக ‘பிளாக்டு அக்கவுண்ட்’ எனப்படும் கட்டுப்பாட்டுக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதில் முழுத் தொகையையும் முன்னதாகவே செலுத்துவதே பலரும் பின்பற்றும் வழி. 2024 செப்டம்பரில் இத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. அங்கே போய்ச் சேர்ந்தபின், மாதம் 992 யூரோ வீதம் மட்டுமே அதிலிருந்து எடுக்க இயலும். இத்தொகையை அரசு அவ்வப்போது மாற்றியமைக்கும். ஆதலால் விண்ணப்பிக்கும் மாதத்தில் தூதரக அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு செய்தியை மனத்தில் இருத்துங்கள். 2022-ஆம் ஆண்டின் நடுவில் இத்தொகை 10,332 யூரோவாக இருந்தது. ஒரு யூரோ ஏறத்தாழ 80 ரூபாய்க்குக் கிடைத்தது. அதாவது, சுமார் எட்டேகால் இலட்சம் ரூபாய். 2025-இல் யூரோவின் விலை நூறு ரூபாயைக் கடந்தது. அதே ஓராண்டு வாழ்க்கைக்குப் பன்னிரண்டு இலட்சம் தேவைப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது. எனவே மூன்றாண்டுகளுக்கு முன் அடுத்த தெருப் பையன் சென்ற கணக்கு உங்கள் மகனுக்குப் பொருந்தாது.

மாதம் 992 யூரோ என்பது பெருந்தொகையாகத் தோன்றலாம். முப்பது வயதுக்குட்பட்ட மாணவருக்குரிய மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும் 2025-இல் மாதம் ஏறத்தாழ 145 யூரோ சென்றது. அறை வாடகை, மாணவர் விடுதியில் இடம் கிடைத்தால் முந்நூறு, நானூறு. கிடைக்காமல் மியூனிக் போன்ற நகரில் வெளியே அறை எடுத்தால் அதனினும் மிக அதிகம். பயிற்சிக் கட்டணம் இல்லாத பல்கலைக்கழகத்திலும் பருவந்தோறும் மாணவர் நல நிதி என்று நூறு முதல் நானூறு யூரோ வரை செலுத்த வேண்டும். பல இடங்களில் பேருந்து, ரயில் பயணச் சீட்டு இதில் அடங்கிவிடுவது ஓர் ஆறுதல்.

புறப்படும் முன்னரே ஆகும் செலவுகளும் உண்டு. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர் தம் சான்றிதழ்களை ‘ஏ.பி.எஸ்.’ என்னும் அலுவலகத்தில் சரிபார்த்துச் சான்று பெற வேண்டும். இதற்கு 18,000 ரூபாய் என்று வைத்தார்கள். விசாவுக்கு 75 யூரோ. மொழித் தேர்வு, விண்ணப்பக் கட்டணங்கள், விமானச் சீட்டு, குளிர்கால உடை ஆகியவை தனி. அறைக்கு முன்பணமாக மூன்று மாத வாடகை வரை கேட்க அந்நாட்டுச் சட்டமே இடமளிக்கிறது.

இனி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளர், வயது 55, இன்னும் மூன்றாண்டுகளில் ஓய்வு பெறுவார். வீடு தாயின் பெயரில் உள்ளது. அவருடைய நகைகளை விற்று வாங்கிய மனையில் கட்டியது. மூத்தவன் பொறியாளன். இளையவள் கல்லூரியில் முதலாண்டு. யூரோ ஒன்றுக்கு நூறு ரூபாய் என்று எளிமைக்காக வைத்துக்கொண்டால், இரண்டாண்டு வாழ்க்கைச் செலவு சுமார் 24 இலட்சம். முன்செலவுகள் 3 இலட்சம். ஆக 27 இலட்சம். சேமிப்பில் 7 இலட்சம் உண்டு. எஞ்சிய 20 இலட்சத்துக்கு வங்கியை நாடுகிறார்கள்.

பொதுத்துறை வங்கிகளின் வழக்கமான கல்விக் கடன் திட்டப்படி ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்து ஈடு கேட்பார்கள். பெற்றோரும் உடன் கடனாளியாகக் கையொப்பமிட வேண்டும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அக்காலத்திலும் வட்டி நின்றுவிடுவதில்லை; ஓடிக்கொண்டேயிருக்கும். பத்து விழுக்காடு வட்டி என்று கொண்டால், மூன்றாண்டு வட்டி 6 இலட்சம். கடன் 26 இலட்சமாகிவிடும். பணத்தைப் பகுதி பகுதியாகப் பெற்றால் இது சற்றுக் குறையும். இந்த 26 இலட்சத்தைப் பத்தாண்டுகளில் தீர்க்க மாதத் தவணை ஏறத்தாழ 34,000 ரூபாய்! தந்தை ஓய்வு பெறும் அதே ஆண்டில் தவணை தொடங்குகிறது. அவருடைய 68-ஆம் வயதில் முடிகிறது. இடையில் மகளின் படிப்பும் திருமணமும் வந்து நிற்கின்றன.

“அவன் அங்கேயே வேலை செய்து அடைத்துவிடுவான்” என்பீர்கள். சட்டம் இடந்தருவது உண்மையே. 2024 மார்ச் முதல் மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் உழைக்கலாம். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. ஆனால் வேலை தேடுவதற்கு ஜெர்மன் மொழி வேண்டும்; ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் படிப்பில் சேர்ந்தாலும் கடையிலும் உணவகத்திலும் ஆங்கிலம் போதாது. முதலாண்டில் அவன் ஈட்டும் பணத்தை உங்கள் கணக்கில் சுழியம் என்றே எழுதுங்கள். கிடைத்தால் அது துணையாகட்டும். அதுவே அடித்தளமாக வேண்டாம். இரவெல்லாம் கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டுக் காலையில் வகுப்பில் உறங்கும் பிள்ளை பருவங்களைத் தவறவிடுவான். தவறும் ஒவ்வொரு பருவமும் மேலும் ஆறு இலட்சம்.

படித்து முடித்தபின் வேலை தேடுவதற்கு 18 மாதங்கள் அங்கே தங்க அனுமதி கிடைக்கும். நல்ல வேலை அமைந்தால், யூரோவில் ஊதியம் பெறுபவனுக்கு ரூபாய்க் கடன் பெருஞ்சுமை ஆகாது. அமையாவிட்டால்? நோயினாலோ, நாட்டின் பொருளாதாரத் தளர்ச்சியினாலோ, தாய் தந்தையரைப் பேண வேண்டியதாலோ அவன் ஊர் திரும்ப நேர்ந்தால்? இங்கே தொடக்க ஊதியத்தில் 34,000 ரூபாய் தவணை போக என்ன மிஞ்சும்? ஆகவே நான் வலியுறுத்திச் சொல்லும் விதி இதுவே: பிள்ளை வெற்றி பெற்று அங்கேயே தங்கிவிட்டால் அடைக்கக்கூடிய கடனைக் கணக்கிடாதீர்கள்; பட்டத்தோடு ஊர் திரும்பினாலும் அடைக்கக்கூடிய கடனைக் கணக்கிடுங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். கோபுரம் கட்டப் புகுந்தவனின் உவமையை நாம் கோவிலில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதை வங்கியின் வாசலிலும் நினைவிற் கொள்வோம்.

அப்படியானால் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் போகவே கூடாதா? போகலாம், கடனைக் குறைக்கும் வழிகளை முதலில் தேட வேண்டும். பட்டம் பெற்றபின் ஈராண்டு இங்கே வேலை செய்து சேமிப்பவன் கடனையும் குறைக்கிறான், அனுபவத்தையும் சேர்க்கிறான். அந்த ஈராண்டில் ஜெர்மன் மொழியையும் கற்றுக்கொள்ளலாம். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் அதைக் கற்பிக்கிறது. சிறிய நகரத்து அரசுப் பல்கலைக்கழகங்களில் வாடகை குறைவு. படிப்பின் தரமோ பெரும்பாலும் குறைவதில்லை. 1925-இல் தோன்றிய டி.ஏ.ஏ.டி. என்னும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற நிறுவனம் உபகாரச் சம்பளம் வழங்குவதோடு, எந்தப் படிப்புக்குக் கட்டணம் உண்டு, எதற்கு இல்லை என்ற பட்டியலையும் இணையத்தில் வெளியிடுகிறது. ஏஜெண்டின் வாய்ச்சொல்லை இப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் சமூகத்தவர் அறிய வேண்டியது இன்னும் ஒன்று. சிறுபான்மை மாணவரின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் அளித்த ‘படோ பர்தேஷ்’ என்னும் மத்திய அரசுத் திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதைப் பெற்றுத் தருவதாக எவரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். டாம்கோ எனப்படும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் வருமான வரம்புக்குட்பட்டுக் குறைந்த வட்டியில் கல்விக் கடன் வழங்குகிறது. கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடருக்கும் பயன்படும் வகையில் மாநில அரசு வெளிநாட்டு உயர்கல்வி உதவித் திட்டமும் வகுத்திருக்கிறது. இவற்றின் இன்றைய நிபந்தனைகளை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நேரிற் சென்று கேட்டறியுங்கள். கந்துவட்டிக்குப் பணம் புரட்டி, சில வாரங்களுக்கு வங்கிக் கணக்கில் காட்டிவிட்டுத் திருப்பிவிடலாம் என்பவரின் பேச்சுக்குச் செவி கொடாதீர்கள். காட்டுவதற்கென்று கேட்கப்படும் பணம் அன்று. பிள்ளை உண்பதற்கென்று கேட்கப்படும் பணம் அது.

இறுதியாக, இக்கணக்கைப் பிள்ளைக்கு மறைத்துப் போடாதீர்கள். “நீ படி, பணத்தைப் பற்றி உனக்கென்ன?” என்பது அன்பு போலத் தோன்றும், ஆனால் வீட்டின் நிலை அறியாத பிள்ளை, தன் பொருட்டு எது ஈடு வைக்கப்பட்டது என்பதையும் அறியமாட்டான். இரவு உணவு முடிந்தபின் நால்வரும் ஒன்றாக அமருங்கள். தாயின் வீடு, தந்தையின் ஓய்வுப் பணம், தங்கையின் படிப்பு என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். இவற்றில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதைத் தங்கையின் வாயாலும் கேளுங்கள். தாளின் அடியில் வரும் தொகையைப் பார்த்தபின் மகனே, “ஓராண்டு பொறுத்துப் போகிறேன், அப்பா” என்று சொல்லக்கூடும். அவ்வாறு சொன்னால் அது தோல்வி அன்று. அந்த ஓராண்டில் அவன் சேர்க்கும் பணமும் கற்கும் மொழியும், அவன் புறப்படும் நாளில் உங்கள் அனைவருடைய சுமையையும் குறைக்கும்.