நூலை மூடிப் படித்தல்

பரீட்சைக் காலம் அணுகியதும், சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் மாணாக்கர் பலர் ஒரே நூலை மும்முறை நான்முறை புரட்டிக்கொண்டிருத்தலைக் காண்கின்றோம். அவர்தம் உழைப்பிற் குறையொன்றுமில்லை. ஆயினும் வினாத்தாள் கைக்கு வந்தவுடன் படித்தவை மறைந்தொழிய, தமக்கு அறிவு போதாதென்று தம்மையே இகழ்ந்து சோர்கின்றனர். தம் குடும்பத்தில் முதன்முதற் கலாசாலை புகுந்தோர், இச்சோர்வினாற் படிப்பையே கைவிடுதலும் உண்டு. குறை அறிவிலன்று, படிக்கும் முறையிலேயே உளது என்பது எமது துணிபு.

முன் பார்த்த பக்கத்தை மீண்டும் பார்க்குங்கால் அது பழகியதாய்த் தோன்றும். அப்பழக்கத்தையே அறிவென்று மயங்குகின்றோம். அமெரிக்க உளநூல் வல்லாராகிய ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006-ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். ஒரு பகுதியை இருமுறை படித்தோர் ஐந்து நிமிடங் கழித்து நூற்றுக்கு 81 பங்கு நினைவிற் கொண்டிருந்தனர். ஒருமுறை படித்து, மறுமுறை நூலின்றி எழுதிப் பார்த்தோர் 75 பங்கே கொண்டிருந்தனர். ஒரு வாரங் கழிந்தபின்னோ, முன்னவர்க்கு எஞ்சியது 42, பின்னவர்க்கு 56.

இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. கேட்டவற்றைச் சிந்தித்தலும், உடன் பயில்வாரோடு பழகுதலும், வினாவுதலும், விடையிறுத்தலும் கற்கும் முறையென நன்னூற் பாயிரத்துட் பவணந்தியார் வகுத்தனர். ஆசிரியர்பாற் பெறுவது காற்கூறு. உடன் பயில்வாராற் பெறுவது காற்கூறு. எஞ்சிய பாதி பிறர்க்கு உரைப்பதனால் நிரம்பும் என்பது அவர் கணக்கு.

இதற்கெல்லாம் நேரமேது எனச் சிலர் வினவுவர். நான்காம் முறை வாசித்தற்குச் செல்லும் நேரமே இதற்குப் போதும். படித்தவுடன் நூலை மூடி நினைவில் நின்றதை எழுதுக. விடுபட்டதை மட்டும் மீண்டும் படிக்க. மூன்று நாளிலும், ஒரு வாரத்திலும் அவ்வாறே செய்க. மாலையில் நண்பரொருவர்க்கு அதனை விளக்குக. இன்று அறையிற் காணும் பிழை, நாளைப் பரீட்சை மண்டபத்திற் குறையும் பிழையன்றோ? நேற்று எழுதவியலாத விடையை இன்று எழுதக் காண்பதனினும் ஊக்கந்தருவது பிறிதில்லை.

சிம்மக்கல்லுக்கு அணித்தே 1901-ஆம் ஆண்டிற் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கமும் தேர்வுகள் நடத்தியதுண்டு. தேர்வு அறிவை அளக்குங் கோலேயன்றி அறிவாகாது. அக்கோலை அஞ்சாது நாடோறும் நம் கையாலேயே எடுத்து நம்மை அளந்துகொள்வோமாயின், பிறர் அளக்கும் நாளில் நடுங்க வேண்டுவதில்லை.