காணொளிக்கு மாற்று வழி



காணொளிப் பகிர்வு என்றாலே யூடியூப் என்றாகிவிட்ட நிலையில், பிரான்சின் இலாப நோக்கற்ற அமைப்பான ஃப்ராமாசாஃப்ட் வளர்த்து, 2018 அக்டோபரில் முதல் முழுமையான பதிப்பை வெளியிட்ட பியர்டியூப் என்னும் கட்டற்ற மென்பொருள் பரவலாக அறியப்பட வேண்டியதாகும். ஒரே நிறுவனத்தின் கிடங்கில் அனைத்தையும் குவிக்காமல், கல்லூரியோ சிறு குழுவோ தனக்கென வழங்கியை, அதாவது கோப்புகளைச் சேமித்துப் பிறருக்கு அளிக்கும் கணினியை நிறுவி, ஆக்டிவிட்டிபப் என்னும் பொது நெறிமுறையால் பிற வழங்கிகளோடு இணைந்துகொள்ள அது வழிசெய்கிறது. ஒரே காணொளியைப் பலர் ஒருசேரப் பார்க்கையில், அவர்களுடைய உலாவிகளே அதன் துண்டுகளைத் தமக்குள் பரிமாறிக்கொள்ள முடிவதால் வழங்கியின் சுமையும் குறைகிறது.

இதன் தேவையை 2018 ஜூன் மாத நிகழ்வொன்று ஐயமற உணர்த்தியது. முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டரை வளர்க்கும் அறக்கட்டளை விளம்பரங்களை ஏற்க மறுத்திருந்த சூழலில், அதன் காணொளிகள் யூடியூபில் உலகெங்கும் முடக்கப்பட்டன. அவை பின்னர் மீண்டும் திறக்கப்பட்டன என்றாலும், அதற்குள் அவ்வறக்கட்டளை தனக்கென ஒரு பியர்டியூப் வழங்கியை அமைத்துக்கொண்டது. வழங்கியைப் பேணும் செலவும் தகாத பதிவுகளை நீக்கும் பொறுப்பும் நடத்துவோரையே சேரும் என்பதும், விளம்பர வருவாய்க்கு இதில் இயல்பான ஏற்பாடு இல்லை என்பதும் உண்மையே. ஆயினும் வருவாய் நோக்கமற்ற வகுப்புரைகளையும் கலைப் பதிவுகளையும் பொதுப்பணத்தில் உருவாக்கும் நிறுவனங்கள், அவற்றின் ஒரு படியையேனும் தம் சொந்த வழங்கியில் வைத்திருப்பது கடமையாகும்.