முன்பாரம், பின்பாரம்

முகையூர்ப் பக்கம் கரும்பு வெட்டு தொடங்கி விட்டால், சாலையில் போகிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கித்தான் போக வேண்டும். முன்னால் ஒரு டிராக்டர். அதன் பின்னால் ஒரு டிரெய்லர். டிரெய்லரின் மேல் மலை போலக் கரும்பு. இரண்டு பக்கமும் சோகை தொங்கும். பின்பக்கம் கரும்பு நீட்டிக் கொண்டிருக்கும். அசைந்து அசைந்து அது போவதைப் பார்த்தால், இப்போது சாயுமோ, அப்புறம் சாயுமோ என்று இருக்கும்.

விழுப்புரம் மாவட்டத்தில் கரும்பு போகும் இடங்கள் தெரிந்தவைதான். பெரியசெவலையில் கூட்டுறவு சர்க்கரை ஆலை. முண்டியம்பாக்கத்தில் தனியார் ஆலை. விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருப்பதும் அதே முண்டியம்பாக்கத்தில்தான். கரும்பு வண்டி போகும் ஊரும் அதுதான். கரும்பு வண்டியில் மோதி அடிபட்டவனைத் தூக்கிக் கொண்டு ஓடும் ஊரும் அதுதான்!

"டிராக்டரையே சாலையில் விடக் கூடாது" என்று காரில் போகிறவர்கள் சொல்கிறார்கள். இது பேச்சுக்கு நன்றாக இருக்கும். காரியத்துக்கு ஆகாது. வரப்பு ஓரம் வரை லாரி போகாது. டிராக்டர்தான் போகும். டிராக்டர் இல்லாவிட்டால் கரும்பு கொல்லையிலேயே காய வேண்டியதுதான். அதனால் டிராக்டரை விரட்டுவது வழி அல்ல. அதன் பின்னால் வரும் டிரெய்லரை ஒழுங்குபடுத்துவதே வழி.

மாட்டுக்குத் தெரிந்த கணக்கு

பாரம் இழுக்கும் வித்தை புதிது அல்ல. மாட்டு வண்டி ஓட்டிய பெரியவர்களுக்கு அது கைவந்த கலை. மூட்டை ஏற்றும்போதே "முன்பாரமா, பின்பாரமா?" என்று பார்ப்பார்கள். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே கிளம்பும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். அதனால் ஒரு மூட்டையை முன்னே தள்ளி, ஒரு மூட்டையைப் பின்னே தள்ளிச் சரி செய்த பிறகுதான் வண்டி கிளம்பும்.

டிராக்டருக்கும் இதே கணக்குத்தான். இரண்டு சக்கர டிரெய்லரில் பின்பாரம் கூடினால், கொக்கி மேல் நோக்கி இழுக்கும். டிராக்டரின் பின் சக்கரம் தரையில் அழுத்திப் பிடிக்காது. டிரெய்லர் பாம்பு போல இரண்டு பக்கமும் வளையத் தொடங்கும். முன்பாரம் மிதமிஞ்சினால் கொக்கியில் சுமை விழும். டிராக்டரின் முன் சக்கரம் லேசாகி விடும். முன் சக்கரம் லேசானால் ஸ்டியரிங்கைத் திருப்பி என்ன பயன்? மேடு ஏறும்போது முன்பக்கமே அந்தரத்தில் தூக்கிக் கொள்ளும். டிரெய்லரை உயரமான இடத்தில் மாட்டினால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். தாழ்வான கொக்கியில்தான் மாட்ட வேண்டும்.

மாடு கழுத்து வலித்தால் நின்று விடும். டிராக்டர் நிற்காது. வித்தியாசம் அவ்வளவுதான்.

மேல்நாடுகளில் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்கள் வீட்டையே சக்கரத்தில் வைத்து, வண்டிக்குப் பின்னால் மாட்டிக் கொண்டு போகிறார்கள். உள்ளே படுக்கை, அடுப்பு எல்லாம் இருக்கும். அமெரிக்காவில் பிக்-அப் வண்டியில் இதை மாட்டி இழுக்கிறார்கள். அங்கேயும் முதல் பாடம் முன்பாரம், பின்பாரம்தான்! மொத்தப் பாரம் 100 கிலோ என்றால், அதில் 10 முதல் 15 கிலோ வரை கொக்கியில் அழுத்த வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். கொக்கி கழன்றாலும் வண்டி ஓடி விடாமல் இருக்கத் தனியாகச் சங்கிலி போடுகிறார்கள். பிரிட்டனில் பெரிய மோட்டார் சாலையில் காருக்கு மணிக்கு 70 மைல் வேகம் வரை அனுமதி. பின்னால் இப்படி ஒரு வீட்டை மாட்டி விட்டால் 60 மைல்தான்.

இந்தப் பழக்கத்துக்கு முன்னோடி வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற பிரிட்டிஷ் கடற்படை டாக்டர். 1885-ல் அவர் ஒரு சக்கர வீடு செய்யச் சொன்னார். எடை சுமார் 2 டன். இரண்டு குதிரைகள் இழுத்தன. அதற்கு "நாடோடி" என்று பொருள்படும் பெயரை வைத்தார். அவர் ஒரு காரியம் செய்தார். தன் வேலையாளை மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போகச் சொன்னார். "பின்னால் பெரிய வண்டி வருகிறது, ஒதுங்குங்கள்" என்று எதிரில் வருகிறவர்களுக்குச் சொல்வது அவன் வேலை. மோட்டார் வருவதற்கு முன்பே, பெரிய வண்டியை ஓட்டுகிறவனுக்கு இருந்த பொறுப்பு இது.

இருட்டில் வரும் கரும்பு

இங்கே அப்படி முன்னால் போக ஆள் வேண்டாம். பின்னால் ஒரு சிவப்பு வெளிச்சம் இருந்தால் போதும். அதுதான் இல்லை!

ராத்திரி நேரம். கரும்பு வண்டி பழுதாகிச் சாலை ஓரத்தில் நிற்கிறது. சாய்ந்து தொங்கும் சோகை பின்விளக்கை மறைத்து விட்டது. அல்லது விளக்கே இல்லை. மோட்டார் சைக்கிளில் ஒருவர் வருகிறார். எதிரில் ஒரு பஸ். பஸ்ஸின் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. பஸ் கடந்து போன அடுத்த நொடி எதிரே ஒன்றும் தெரியாது. தெரியும்போது கரும்பின் நுனி முகத்துக்கு நேராக இருக்கும்.

மாட்டு வண்டிக் காலத்தில் வண்டியின் அடியில் ஒரு லாந்தர் தொங்கும். மண்ணெண்ணெய் விளக்குத்தான். வண்டிக்காரர் தூங்கினாலும் அந்த விளக்கு தூங்காது. அத்தனை லட்சம் ரூபாய் போட்டு டிராக்டர் வாங்கிய பிறகு, அந்த லாந்தர் வெளிச்சம் கூட இல்லாமல் போவது வெட்கக்கேடு அல்லவா? பாட்டுப் பெட்டிக்கு மட்டும் குறைவில்லை. பின்னால் வரும் பஸ் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் காதில் விழாத அளவுக்குப் பாட்டு அலறுகிறது.

பிரேக் விஷயம் இன்னும் மோசம். டிராக்டருக்கு இடது பின் சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலது பின் சக்கரத்துக்கு ஒரு பிரேக் என்று இரண்டு மிதிகள் உண்டு. வயலில் சட்டென்று திரும்புவதற்காக இந்த ஏற்பாடு. சாலைக்கு வந்ததும் இரண்டையும் கொண்டியால் ஒன்றாகப் பூட்டி விட வேண்டும். பூட்டாமல் அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கம் சுழன்று குடைசாயும். டிரெய்லரில் பெரும்பாலும் பிரேக்கே கிடையாது. டிராக்டர் நின்றாலும் பின்னால் இருக்கும் பாரம் நிற்காது, நெட்டித் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால், நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மிச்சமாவது என்னவோ அரைக்கால் லிட்டர்தான்!

எடை மேடைக்குத் தெரியாதா?

டிரைவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் அல்ல. வெட்டிய கரும்பு நாளுக்கு நாள் காயும், எடை குறையும். விவசாயிக்கு அவசரம். இரண்டு நடை போவதை ஒரே நடையில் முடித்தால் டீசல் மிச்சம், கூலி மிச்சம். வண்டிக்காரருக்கும் அவசரம். ஆலை வாசலில் நீண்ட வரிசை. காத்திருந்து காத்திருந்து, கண் சொக்கிப் போன பிறகு டிரைவர் ராத்திரியில் திரும்புகிறார்.

சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டது. அதன்படி அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். டிரெய்லருக்குத் தனியாகப் பதிவு வேண்டும். இழுக்கும் டிராக்டரின் நம்பரை டிரெய்லரிலும் எழுத வேண்டும். ஆனால் ஏழை விவசாயியின் கரும்பை நடுரோட்டில் நிறுத்தி அபராதம் போடுவதால் மட்டும் இது தீராது.

ஒவ்வொரு வண்டியின் பாரமும் ஒருவருக்குக் கிலோ சுத்தமாகத் தெரியும். அது சர்க்கரை ஆலை. எடை மேடையில் ஏறாமல் ஒரு வண்டியும் உள்ளே போக முடியாது. ஆகையால் கண்டிப்பு அங்கே தொடங்க வேண்டும். அளவுக்கு மேல் ஏற்றி வந்த வண்டியின் நம்பரை ஆலை குறித்துக் கொள்ளட்டும். முதல் முறை எச்சரிக்கட்டும். மறுமுறை வந்தால், அந்த வண்டிக்குச் சில நாட்கள் முறை இல்லை என்று சொல்லட்டும். வெட்டு உத்தரவு கொடுக்கும்போதே ஒளி விடும் சிவப்பு ஒட்டுப் பட்டையையும் கொடுக்கட்டும். ஒரு வண்டிக் கரும்பின் விலையோடு பார்த்தால் அந்தப் பட்டையின் விலை தூசு. வரிசையில் நிற்கும் வண்டிகளுக்கு நேரம் குறித்துக் கொடுத்தால், பாதிப் பேர் பகலிலேயே வீடு திரும்பலாம்.

பெட்டியில் மனிதர்கள்

இன்னொரு விஷயம். இது குடும்பங்களைப் பற்றியது. காலையில் கரும்பு வெட்டும் ஆட்கள் டிரெய்லரில் நின்று கொண்டு போகிறார்கள். சாயங்காலம் சிலர் பாரத்தின் மேலேயே உட்கார்ந்து வருகிறார்கள். ஊரில் கல்யாணம், காது குத்து, குலதெய்வத்துக்குப் பொங்கல் என்றால், பெண்டு பிள்ளைகள் எல்லாரும் அதே டிரெய்லரில்தான்! வாடகை இல்லை, இடம் தாராளம் என்று ஏறி விடுகிறார்கள்.

2022 அக்டோபர் 1-ந் தேதி உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் அருகே நடந்தது இதுதான். கோயிலுக்குப் போய் விட்டுச் சுமார் 50 பேர் டிராக்டர் டிரெய்லரில் திரும்பிக் கொண்டிருந்தார்கள். ராத்திரியில் வண்டி குட்டையில் கவிழ்ந்தது. 26 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். டிரெய்லரை மனிதர்கள் போவதற்குப் பயன்படுத்தாதீர்கள் என்று அந்த மாநில முதல்வர் அதன் பிறகு கேட்டுக் கொண்டார்.

டிராக்டரில் டிரைவருக்கு மட்டும்தான் இருக்கை. மட்கார்டில் உட்கார்ந்து போனவர் விழுந்து இறந்தால், நஷ்ட ஈடு கொடுக்க முடியாது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கோர்ட்டில் வாதாடும். அப்படி வாதாடிய வழக்குகள் பல உண்டு. வாசலில் டிராக்டர் வந்து நின்றதும் "ஏறுங்கள், ஏறுங்கள்" என்று கூப்பிடுவார்கள். அப்போது "நீங்கள் பாத்திரம் பண்டத்தை ஏற்றிக் கொண்டு போங்கள், நாங்கள் பஸ்ஸில் வருகிறோம்" என்று வீட்டுப் பெண்கள் சொல்லி விட வேண்டும். பஸ் இல்லாத ஊருக்கு, திருவிழா நாளில் கூடுதல் பஸ் விடுவது சர்க்காரின் வேலை. வெட்டு ஆட்களை ஏற்றிப் போகப் பெஞ்சு போட்ட வேன் அமர்த்துவது ஆலையின் வேலை. அடுத்த அரவை தொடங்குவதற்கு முன், கலெக்டர் ஆபீசில் ஆலைக்காரர்களையும் விவசாயிகளையும் வண்டிக்காரர்களையும் போலீசாரையும் ஒரே நாளில் உட்கார வைத்துப் பேசினால், இவ்வளவையும் ஒரு பொழுதில் முடிவு செய்து விடலாம்.