கப்பலுக்குப் பெயர் உண்டு, கரைக்கு உரியவனுக்கு?

பாய்மரக் கப்பலேறித் தீவு தீவாகச் சுற்றி வந்த துரைமார்களின் பயணக் கதைகளுக்கு உலகில் பஞ்சமே இல்லை. தென்னை அடர்ந்த கரை, தெளிந்த கடல், தோணியேறி எதிர்கொள்ளும் பழங்குடியினர், அவர்கள் நீட்டும் இளநீர் என்று படிக்கப் படிக்க இனிக்கும். ஆனால் அந்தக் கதைகளில் ஒரு குறை விடாமல் இருக்கும். கப்பலின் பெயர் இருக்கும். கப்பல் தலைவனின் பெயர் இருக்கும். கரையில் நின்றவனின் பெயர் மட்டும் இராது!

பெயர் இல்லாவிட்டால் என்ன, குடியா முழுகிவிட்டது என்று கேட்கலாம். குடிதான் முழுகுகிறது, தோழர்களே! பெயர் இல்லாதவனிடம் எவனும் சம்மதம் கேட்பதில்லை. பெரிய நிக்கோபார்த் தீவில் இன்று நடப்பது அதற்குச் சான்று.

நிக்கோபார் நமக்கு அந்நியமான மண் அன்று. 1025ஆம் ஆண்டில் கடல் கடந்து படை நடத்திய இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி ‘மாநக்கவாரம்’ என்று கூறுவது இந்தத் தீவுகளைத்தான் என்பர் வரலாற்று அறிஞர். கடாரம் கொண்டான் என்று மேடைதோறும் முழங்குகிறோம், முழங்கட்டும். ஆனால் வென்றவன் கல்லில் வெட்டினான், தோற்றவன் எதில் எழுதினான் என்று நாம் என்றாவது கேட்டதுண்டா?

அடுத்து வந்தவர்கள் டேனிஷ்காரர்கள். நம் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக் கொண்டு வாணிகம் நடத்தியவர்கள் அவர்கள். அங்கிருந்தே கப்பல் அனுப்பி 1756இல் நிக்கோபாரைத் தமது மன்னனின் உடைமை என்று சாற்றினார்கள். குடியேற வந்தவர்களைக் காய்ச்சல் கொண்டு போயிற்று. கைவிடுவதும் மீண்டும் வருவதுமாக நூறு ஆண்டுகள் ஓடின. 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்ட அவர்கள், அதே ஆண்டில் ‘கலாத்தியா’ என்ற பாய்மரப் போர்க்கப்பலை உலகைச் சுற்றிவர அனுப்பினார்கள். நிலவியல் அறிஞர், உயிரியல் அறிஞர், ஓவியர் அனைவரும் அதில் இருந்தார்கள். 1846இன் தொடக்கத்தில் அது நிக்கோபார்க் கடலில் நின்றது. மண்ணைத் தோண்டினார்கள், நிலக்கரி கிடைக்குமா என்று தேடினார்கள், படம் வரைந்தார்கள், போய்விட்டார்கள். 1848இல் உரிமையையே துறந்தார்கள். 1869இல் ஆங்கிலேயர் அதை எடுத்துக் கொண்டனர்.

போன கப்பல் தன் பெயரை விட்டுப் போயிற்று. பெரிய நிக்கோபாரின் தெற்கே ஓடும் ஆற்றுக்கும், அது கலக்கும் விரிகுடாவுக்கும் இன்றளவும் கலாத்தியா என்றே பெயர். சில நாள் வந்து நின்ற கப்பலுக்கு நிலைத்த பெயர். தலைமுறை தலைமுறையாகக் கரையில் வாழ்ந்தவனுக்கு, ‘பழங்குடி’ என்ற ஒரே சொல்!

அவன் கடலறியாதவனா? நிக்கோபார் மக்கள் மரத்தைக் குடைந்து, பக்கவாட்டில் மிதவைக் கட்டை பூட்டிய தோணியில் தீவுக்குத் தீவு பாய் விரித்துச் சென்றவர்கள். சௌரா என்ற சிறு தீவு மண்பானைக்குப் பேர் போனது. தெற்குத் தீவுகள் தோணிக்குப் பேர் போனவை. பானை அங்கே போகும், தோணி இங்கே வரும். வாணிகமும் இருந்தது, வழக்கமும் இருந்தது, அறமும் இருந்தது. ‘எட்டாத தீவு’ என்று நாம் சொல்கிறோமே, யாருக்கு எட்டாதது? அவனுக்கு அது வீட்டு வாசல்!

மலைமேல் இருப்பவனுக்கு இது சொல்லாமலே விளங்கும். கொடைக்கானல் மேல்மலையின் கடைக்கோடியில் இருக்கிறது போளூர். நகரத்து அதிகாரிக்கு அது காட்டின் விளிம்பு; பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கும் உழவனுக்கு அதுதான் ஊர். கலாத்தியா கப்பல் புறப்பட்ட அதே 1845ஆம் ஆண்டில்தான் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். அதற்கு முன் அங்கே மனிதரே இல்லையா? காட்டில் தேனெடுத்தும் கிழங்கு தோண்டியும் பளியர் வாழ்ந்தார்கள். மேல்மலை ஊர்களில் உழவர் இருந்தார்கள். ஆனால் ஊரின் கதை எழுதுவோர் பங்களாவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பின்னாளில் சோலைக் காடு இருந்த இடத்தில் சீகை மரமும் தைல மரமும் ஏறின. தெர்மாமீட்டர் ஆலை வந்தது. பாதரசத்தை மலையில் விட்டு 2001இல் மூடியது. உடல் கெட்ட தொழிலாளர்கள் போராடிப் போராடி, 591 பேருக்கு உடன்பாடு என்று கம்பெனி கையெழுத்திட்டது 2016இல்! வேலை தருகிறோம் என்று வருபவர் என்ன விட்டுச் செல்வார் என்பதை இந்த மலை அறியும்.

இனி நிக்கோபாருக்கு வருவோம்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. பெரிய நிக்கோபாரின் தென்முனை நான்கு மீட்டருக்கு மேல் கடலுக்குள் தாழ்ந்தது. மேற்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் இருந்த நிக்கோபார் ஊர்கள் அழிந்தன. தப்பியவர்களைக் கேம்ப்பெல் விரிகுடாவின் அருகே ராஜீவ் நகர், புதிய சிங்கேன் ஆகிய குடியிருப்புகளில் கொண்டு வைத்தார்கள். தென்னையும் பன்றியும் தோணியுமாக வாழ்ந்தவர்கள் கூலி வேலை தேடி நின்றார்கள். “எங்கள் ஊருக்கு எங்களைத் திரும்ப அனுப்புங்கள்” என்பதே அன்று முதல் அவர்கள் கேட்பது. இருபது ஆண்டுகள் கடந்த பின்னும் அந்தக் கோரிக்கைக்கு விடை இல்லை.

விடை வேறு வடிவில் வந்தது! சரக்குப் பெட்டகங்களைக் கப்பல் மாற்றி ஏற்றும் பெருந்துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புது நகரம் என்று 72,000 கோடி ரூபாய் மதிப்பில் ஒரு திட்டம். துறைமுகம் அமையும் இடம் கலாத்தியா விரிகுடா. உலகின் மிகப் பெரிய கடலாமையான ஏழுவரி ஆமை முட்டையிட வரும் கரை அது. அங்கிருந்த சரணாலய அறிவிக்கையை 2021 ஜனவரியில் நீக்கினார்கள். சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு போகிறது. 9 லட்சத்து 64 ஆயிரம் மரங்கள் என்பது 2023இல் நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன மதிப்பீடு. ஈடாக மரம் வளர்க்க இடம் பார்த்தது எங்கே தெரியுமா? ஹரியானாவில்! மாரி பொழியும் தீவின் காட்டுக்கு வறண்ட நிலத்து மரக்கன்று ஈடாம்!

மக்களிடம் கேட்டார்களா? 2022 ஆகஸ்டில் இசைவு பெற்றார்கள். அதே ஆண்டு நவம்பரில், சிறிய நிக்கோபார், பெரிய நிக்கோபார் பழங்குடி மன்றம் அந்த இசைவைத் திரும்பப் பெற்றுக் கடிதம் எழுதியது. எங்கள் மூதாதையர் ஊர்களும் பழங்குடிக் காப்பு நிலமும் திட்டத்தில் சேரும் என்பதைச் சொல்லாமலே ஒப்புதல் வாங்கினீர்கள் என்பது அவர்கள் வாதம். நமது தொழிற்சங்கங்கள் அறிந்த வித்தைதானே இது? ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைக் காட்டிக் கடைசிப் பக்கத்தில் கைந்நாட்டு வாங்கும் வித்தை!

உள்காட்டில் ஷோம்பென் மக்கள் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி 229 பேர். வெளியார் லட்சக் கணக்கில் குடியேறினால் அவர்கள் கதி என்ன? அந்தமானைப் பாருங்கள். 1858இல் ஆங்கிலேயர் கைதிக் குடியேற்றம் அமைத்தபோது ஆயிரக் கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர், தோட்டாவுக்கும் தட்டம்மைக்கும் பலியாகி இன்று ஏறத்தாழ ஐம்பது பேர். ‘போ’ மொழி பேசிய கடைசி மூதாட்டி போவா 2010 ஜனவரியில் கண்மூடியபோது ஒரு மொழியே மூச்சை நிறுத்தியது. மொழிக்காகச் சிறை சென்ற நாட்டவர் நாம். ஒரு மொழியின் சாவு நம் நெஞ்சைத் தைக்க வேண்டாமா?

எதிர்வாதத்தையும் மறைக்க வேண்டியதில்லை. நாட்டுப் பாதுகாப்பு என்கிறார்கள். கேம்ப்பெல் விரிகுடாவில் 2012 முதலே கடற்படைத் தளம் இருக்கிறதே! அதை வலுப்படுத்தப் புது நகரம் எதற்கு? வணிகம் என்கிறார்கள். அதே பெட்டக மாற்று வேலைக்காக விழிஞ்சம் துறைமுகம் 2025 மே மாதத்தில் திறக்கப்பட்டதே! வேலை என்கிறார்கள். வேலை வேண்டும், அதை வேண்டாம் என்று பாட்டாளி சொல்லமாட்டான். ஆனால் ஒருவன் ஊரைப் பறித்து மற்றவனுக்குத் தரும் வேலை, இன்று அவனைத் தின்னும். நாளை நம்மைத் தின்னும். 1969 முதல் அரசே கொண்டுபோய் அங்கே குடியமர்த்திய முன்னாள் படைவீரர் குடும்பங்களில் தமிழரும் உண்டு. காடு திருத்தி அவர்கள் உண்டாக்கிய நிலமும் இன்று அளவைச் சங்கிலிக்குத் தப்பவில்லை.

நாம் கேட்பவை நான்கே. நிக்கோபார் மக்களை முதலில் அவர்தம் பழைய ஊர்களுக்குத் திரும்ப விடுக! 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை அந்தக் காட்டிலும் இந்த மலையிலும் எழுத்துப் பிசகாமல் நடத்துக! மன்றம் திரும்பப் பெற்ற இசைவை, இல்லாத இசைவு என்றே கொள்க! ஷோம்பென் மக்களின் காட்டைத் தொடாதே!

தோழர்களே! தூத்துக்குடித் துறைமுகத்திலும் எண்ணூரிலும் மேல்மலைத் தோட்டங்களிலும் சங்கம் கூடும்போது, கூலித் தீர்மானத்தோடு இதையும் ஒரு தீர்மானமாக வையுங்கள். அந்த 229 பேருக்கு வாக்குப் பலம் இல்லை, பத்திரிகை இல்லை, மேடை இல்லை. நமக்கு இருக்கிறது. கரைக்கு உரியவன் பெயரைக் கப்பல்காரன் எழுதமாட்டான், உழைப்பவன்தான் எழுதவேண்டும்!